ஆள் என்று கூப்பிட்டால்

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகும் நேரத்தில் அண்ணன் போன் பண்ணினான்.

"அந்தப் பொம்மை விளையாட்டை எழுதினது உங்க ஆபீஸ்ல எவன்டி?"

"ஏன், என்னாச்சு?"

"ஆளைக் கொன்னுட்டேனாம். ஃபெயிலாம்."

அவள் டப்பாவை மூடினாள். எழுதியது வேறு யாருமில்லை, அவள்தான். அது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் 'எவன்' என்று கேட்டான். நேராகத் திட்ட மனசு வராதபோது இப்படிச் சுற்றி வளைத்துத் திட்டுவது அவன் வழக்கம்.

அண்ணன் சரக்கு யார்டில் லோடு தூக்குகிறவன். மீசை முளைக்கும் முன்பே முதுகில் மூட்டை ஏறிவிட்டது. இப்போது அந்த முதுகு விட்டுப்போய்விட்டது. இன்னும் ஒரு வருஷம் தூக்கினால் அப்புறம் தூக்கவும் முடியாது, நடக்கவும் முடியாது என்று எலும்பு டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். யார்டில் லோடுக்காரர்கள் சிலரைக் கிரேன் ஓட்ட எடுக்கிறார்கள். கேபினில் உட்கார்ந்து செய்கிற வேலை. அண்ணன் பழைய கிரேன்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பழகினான். கை நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் கேபினில் ஏற வேண்டுமானால் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். பரீட்சை நிஜக் கிரேனில் இல்லை. ஒரு நாற்காலி, இரண்டு லிவர், காலடியில் விசில் கட்டை, எதிரே சுவர் அகலத்துக்குத் திரை. திரையில் ஓடுவது அவள் ஆபீஸில் செய்த விளையாட்டு. அதில் ஒரு ஆள் நசுங்கினால் ஒரு வருஷத்துக்கு மறு பரீட்சை கிடையாது. யார்டு போட்ட விதி அது. நியாயமான விதி என்று கூட்டத்தில் அவளும் தலையாட்டியிருக்கிறாள்.

"என்ன நடந்துச்சுன்னு ஒழுங்கா சொல்லு."

"விசில் அடிச்சேன். அவன் கை காட்டினான், தூக்குன்னு. தூக்கினதும் பெட்டி அந்தப் பக்கம் சாஞ்சுது. திரை செவப்பாயிடுச்சு."

"யாரு கை காட்டினது?"

"கொக்கி மாட்டினவன்தான்."

"அவன் எங்க நின்னான்?"

"பெட்டிக்கு அந்தப் பக்கம். கை மட்டும்தான் தெரிஞ்சுது, பெட்டிக்கு மேல."

"அண்ணா, லோடுக்கு அடியில நிக்கிறவன் எந்த ஊர்லயாவது தூக்குன்னு கை காட்டுவானா?"

"அதைத்தான்டி நானும் கேக்குறேன். உங்க ஊர்ல காட்டுறான்!"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் அண்ணன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். யார்டில் ஒரு எலியைப் பார்த்துவிட்டு வந்து பூனை அளவு என்றான். அண்ணி கிண்டல் பண்ணப் பண்ண அது நாய் அளவுக்கு வளர்ந்தது. தோற்றவன் சொல்லும் சாக்கு வேறு, கேட்கவா வேண்டும்.

"மஞ்சத்தொப்பி நாளைக்குக் காலையில பேரை ஒட்டிடும். அதுக்கு முன்னாடி பாக்க முடிஞ்சா பாரு. முடியலன்னா விடு. மூட்டை எங்கயும் ஓடிப் போகாது, அங்கதான் கெடக்கும்." போனை வைத்துவிட்டான்.

மஞ்சத்தொப்பி என்பது யார்டின் பாதுகாப்பு அதிகாரி. மற்ற அதிகாரிகளுக்கு வெள்ளைத் தொப்பி, அந்த அம்மாவுக்கு மட்டும் மஞ்சள். கறாரான பேர்வழி. கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார் என்று பெயர்.

ஒவ்வொரு பரீட்சையும் பதிவாகும். யார் எந்த லிவரை எப்போது இழுத்தார் என்று ஒரு ஃபைல். அண்ணனுடையதை எடுத்து ஓடவிட்டாள். கொக்கி மாட்டுகிறவன் பெட்டியின் தலையில் சங்கிலியை மாட்டினான். விசில் சத்தம். அடுத்த நொடி, பெட்டிக்கு மேலே ஒரு கை எழுந்து விரலைச் சுழற்றியது. தூக்கு.

அவள் நிறுத்தினாள். பார்வையைக் கேபினிலிருந்து கழற்றிப் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோனாள். பொம்மை மனிதன், மரக்கட்டைகள்மேல் இருந்த பெட்டியின் அடிவயிற்றை ஒட்டி, ஒரு கால் அதன் கீழேயே இருக்க, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

அண்ணன் இந்த முறை எலியை எலி என்றுதான் சொல்லியிருக்கிறான்.

திரையில் நிற்கிற மனிதன் வெறும் பொம்மை. அவன்மேல் காம்போனன்ட் என்று ஒன்றை மாட்டினால்தான் அவனுக்கு ஒரு வேலை தெரியும். கொக்கிக்காரன் காம்போனன்ட்டை மாட்டினால் சங்கிலி மாட்டுவான். சைகைக்காரன் காம்போனன்ட்டை மாட்டினால் கிரேனுக்குக் கை காட்டுவான். துடைப்பக்காரிக்கு ஒன்று, சீட்டுப் பார்ப்பவருக்கு ஒன்று. கிரேன்காரர் விசில் அடித்தால் லோடை விட்டு விலக வேண்டும், அது எல்லாருக்கும் கேட்க வேண்டும். அதற்காக முதலில் எழுதியிருந்த ஸ்கிரிப்ட், அதாவது கட்டளை வரிகள், ஒவ்வொருவனையும் தனித்தனியாக விசாரித்தது: நீ கொக்கிக்காரனா, நீ சைகைக்காரனா, நீ துடைப்பக்காரியா? புதிதாக ஒரு வேலையைச் சேர்த்து, அதை இங்கே எழுத மறந்தால் போச்சு. அந்த ஆளுக்கு விசில் கேட்காது. பெயின்ட் அடிக்கிறவர் ஒருவர் இப்படித்தான் செவிடாகவே திரிந்தார்.

அவள்தான் அதை மாற்றினாள். எல்லா வேலைக்கும் பொதுவாக ஒரு பேஸ் கிளாஸ், அதாவது ஒரு தாய் அச்சு, எழுதி அதற்கு 'ஆள்' என்று பெயர் வைத்தாள். கொக்கிக்காரனும் ஆள், துடைப்பக்காரியும் ஆள். நாளை எந்த வேலை வந்தாலும் அதுவும் ஆளிலிருந்துதான் பிறக்கும். ஸ்கிரிப்ட் இனி வேலையின் பெயரைக் கேட்க வேண்டாம். உன்மேல் ஆள் இருக்கிறதா என்று கேட்டால் போதும். எந்த வாரிசு மாட்டியிருந்தாலும் அது கைக்கு வரும். அவள் வளர்ந்த குடியிருப்பில் காலையில் லாரி வந்து நின்றால் மேஸ்திரி 'ஆள் வேணும்' என்றுதான் கத்துவார். யார் பெயரையும் சொல்லமாட்டார். சுமக்கிறவர்களும் கலவை போடுகிறவர்களும் எழுந்து போவார்கள். அது மாதிரிதான் இதுவும் என்று கூட்டத்தில் விளக்கினாள். ஆபீஸ் பாஸ் மேசையைத் தட்டி "சூப்பர்" என்றார்.

ஸ்கிரிப்ட்டை மறுபடி திறந்து படித்தாள். எழுத்துப்பிழை இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பொம்மைக்காரரைக் கூப்பிட்டாள். திரையில் வரும் மனிதர்களை உருவாக்கி, காம்போனன்ட் மாட்டி அனுப்புகிறவர் அவர்.

"அண்ணே, இவன்மேல என்ன மாட்டியிருக்கீங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். "இவனா? இவன் டபுள் டூட்டிப்பா. ஆள் கம்மியா இருக்கிற நாள்ல கொக்கியும் சைகையும் ஒருத்தனே பாக்குறான்னு யார்டுல சொன்னாங்கல்ல. அதான் ரெண்டையும் மாட்டிவிட்டேன். இவன் ஒருத்தன்தான் அப்படி, எப்பவாவதுதான் வருவான்."

"எதை முதல்ல மாட்டினீங்க?"

"சைகையைத்தான். ஏன், சட்டைக்கு முன்னாடி பேன்ட் போடணும்னு ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஆள் இருக்கிறதா என்று ஒருமையில் கேட்டால் ஒருமையில்தான் பதில் வரும். எது முதலில் மாட்டப்பட்டதோ அது. ஒருவன்மேல் இரண்டு ஆள் இருக்கக்கூடும் என்று அவள் நினைக்கவே இல்லை. விசில் அடித்ததும் ஸ்கிரிப்ட் ஆளைக் கேட்டது, சைகைக்காரன் வந்தான். 'லோடை விட்டு விலகு' என்ற சேதி கொக்கிக்காரனுக்குப் போகவே இல்லை. சைகைக்காரனோ தன் வேலையை ஒழுங்காகச் செய்தான். சுற்றிலும் பார்த்தான், லோடுக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று எண்ணினான். யாரும் இல்லை. கையைத் தூக்கினான். எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணினான். சைகைக்காரன் எப்போதும் தள்ளித்தானே நிற்பான், அவனை எதற்கு எண்ண வேண்டும் என்று அந்த வரியை எழுதியவளும் அவள்தான்.

"அடப்பாவி," என்றார் பொம்மைக்காரர். "தன் தலைக்குத் தானே விரலைச் சுத்தியிருக்கான்."

சரி பண்ண உட்கார்ந்தாள். ஒருமையை எடுத்துவிட்டு, உன்மேல் இருக்கிற ஆள் எல்லாரும் வாங்க என்று பன்மையில் கேட்கவைத்தாள். ஓடவிட்டாள். விசில் அடித்ததும் இரண்டு ஆளும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பொம்மை மனிதன் பெட்டிக்கு அடியிலிருந்து நடந்துகொண்டே கையைச் சுழற்றினான், ஓட்டுக் கேட்டு வருகிறவன் மாதிரி. அதுவும் ஆபத்துதான். அதனால் முதலில் எல்லா ஆளும் விலகட்டும், விலகி முடித்த பிறகே கை எழட்டும் என்று பிரித்தாள். எண்ணும்போது தன்னையும் எண்ணச் சொன்னாள். இப்போது அவன் லோடைச் சுற்றிப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்று, திரும்பி, கையைக் காட்டினான்.

பாஸிடம் போனாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"நல்லவேளை, நாமளே கண்டுபிடிச்சோம். அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம போட்டுவிட்டுடலாம்."

"அவங்க நாளைக்குக் காலையில ரிசல்ட் ஒட்டுறாங்க சார். இதனால ஒருத்தர் ஃபெயில்."

"ஒருத்தர்தானே? பாவம்தான். இப்போ போய் எங்க சாமான் கோளாறுன்னு சொன்னா பாஸானவங்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவாங்கம்மா. சும்மா இருக்கிறதைச் சொறிஞ்சு புண்ணாக்கணுமா?"

"அந்த ஒருத்தர் என் அண்ணன்."

பாஸ் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அப்படின்னா நீ இதுல வாயே திறக்கக் கூடாது. அண்ணனைப் பாஸ் பண்ண வைக்க விளையாட்டையே மாத்திட்டான்னு பேசுவாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் பேசுவேன்."

அவர் சொன்னது தப்பில்லை. வரும் வழியில் அவளும் அதைத்தான் நினைத்தாள். அண்ணன் என்பதை மறைத்துவிடலாம். அவள் அவனுடைய தங்கை என்று யார்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் மறைத்தது ஒருநாள் வெளியே வந்தால், சரியான திருத்தமும் திருட்டுத் திருத்தமாகிவிடும். அண்ணன் கேபினில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் யாராவது கீழே நின்று அதைச் சொல்லுவார்கள்.

"நான் வாயைத் திறக்கல சார். நீங்க திறங்க. கூட நான் வர்றேன். அண்ணன்னு முதல் வார்த்தையா நானே சொல்லிடறேன்."

"ஏம்மா, எனக்கு பி.பி. இருக்கு," என்றார் பாஸ். ஆனால் கார் சாவியை எடுத்தார்.

யார்டில் பயிற்சி அறை தகரக் கூரை போட்டது. உள்ளே கிரீஸ் வாடையும் வியர்வை வாடையும். மஞ்சத்தொப்பி நின்றபடியே கேட்டார். அவள் முதலில் உறவைச் சொன்னாள், பிறகு பிழையைச் சொன்னாள். வாசலில் லோடுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அண்ணன் அவர்களுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, யாருக்கோ வந்த காரியம் மாதிரி நின்றான்.

"தங்கச்சி வந்தாச்சு, அண்ணன் பாஸ்!" என்றது ஒரு குரல்.

"எனக்கும் ஒரு தங்கச்சி இருக்குது. டைலர். பரீட்சையைத் தச்சுக் குடுப்பாளான்னு கேக்கணும்."

சிரிப்பு. மஞ்சத்தொப்பி திரும்பிப் பார்த்தார், அடங்கியது.

"காட்டுங்க."

பழைய ஸ்கிரிப்ட்டில் அண்ணனின் பதிவை ஓட்டிக் காட்டினாள். பெட்டிக்குப் பின்னால் நிற்கிற மனிதன், மேலே கை. வாசலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பிறகு பாஸ், எல்லாம் நன்றாகப் போகிறது என்ற தைரியத்தில், அவளைக் கேட்காமலே சொன்னார்: "இப்போ சரி பண்ணினதுல அதே பதிவை ஓட்டு. வித்தியாசம் தெரியட்டும்."

யோசிக்கும் முன் அவள் விரலே பொத்தானை அழுத்திவிட்டது. விசில். மனிதன் விலகி நடக்கத் தொடங்கினான். அவன் கோட்டைத் தாண்டவில்லை, கை இன்னும் எழவில்லை, அதற்குள் பெட்டி கட்டைகளை விட்டு எழும்பியது.

அறையே கொல்லென்று சிரித்தது.

"சைகைக்கு முன்னாடியே தூக்கிட்டாரே," என்றார் மஞ்சத்தொப்பி. "இதுலயும் ஃபெயில்தான்."

"இல்ல மேடம்." அவள் திரையைக் காட்டினாள். "இது பதிவு. லிவரை அவர் எப்போ இழுத்தாரோ அதே நேரத்துக்கு இதுவும் இழுக்கும். அவர் பாத்தது பழைய கை. அந்தக் கை அங்க முன்னாடியே எழுந்துடுச்சு, அதைப் பாத்துத்தான் இழுத்தார். இந்தப் பதிவுக்குக் கண் கிடையாது."

"அப்போ இது அவர் சரின்னும் காட்டல, தப்புன்னும் காட்டல."

"ஆமா."

"அப்புறம் எதுக்குக் காட்டினீங்க?"

பாஸ் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

மஞ்சத்தொப்பி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். உறைந்து நின்ற அந்த இரட்டை வேலைக்காரனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ரெண்டு வேலை பாக்குறவன் விசில் கேட்டா எதை முதல்ல செய்யணும்?"

"நான் இப்போ விலகிட்டு அப்புறம் கை காட்டுன்னு வெச்சிருக்கேன். உங்க யார்டுல எப்படின்னு தெரியல. நான் கேட்டதில்ல."

"நாங்களும் சொன்னதில்ல." அவர் வாசலைப் பார்த்தார். "போன வாரம் டபுள் டூட்டி பாத்தது யாரு?"

ஒரு ஒல்லியான ஆள் கையைத் தூக்கினார்.

"விசில் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"பெரிய லோடுன்னா நகந்துட்டுக் காட்டுவேன். அவசரம்னா..." அவர் நிறுத்திக்கொண்டார். "தலையைத் தாழ்த்திக்கிட்டே காட்டிடறதுதான் மேடம். அடுத்த லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே நிப்பான்ல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மஞ்சத்தொப்பி தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். யார்டில் எந்த விதி எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேலைகளுக்கு விதி இருக்கும், ஆளுக்கு இருக்காது. கொக்கிக்காரன் செய்ய வேண்டியது ஒரு பக்கம், சைகைக்காரன் செய்ய வேண்டியது ஒரு பக்கம். இரண்டையும் ஒரே உடம்பு சுமக்கும்போது எந்தப் பக்கத்தைப் படிப்பது? அவளுடைய ஸ்கிரிப்ட் முதலில் கிடைத்த பக்கத்தைப் படித்தது. யார்டும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

"ஏம்ப்பா," மஞ்சத்தொப்பி அண்ணனைக் கூப்பிட்டார். "உட்காருங்க. புதுசுல, இப்பவே, எல்லாரும் பாக்க. டபுள் டூட்டி ஆளோட. இதுவே கடைசி. இதுலயும் நசுங்கினா உங்க தங்கச்சி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அண்ணன் வந்து, நாற்காலியின் கையைப் பிடித்து, முதுகை மெல்ல இறக்கி உட்கார்ந்தான். தங்கையைப் பார்க்கவில்லை. அவள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரோரம் போனாள். செய்வதற்கு இனி அவளிடம் ஒன்றுமில்லை. சரியாகத்தான் திருத்தினோமா என்ற பயம் மட்டும் இருந்தது. மதியம் பார்த்தது ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு இடம்.

திரை ஓடியது. பெட்டி, சங்கிலி, கொக்கி. அண்ணன் விசில் கட்டையை மிதித்தான். பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேபினிலிருந்து தெரியாது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு பெட்டியின் மேல்விளிம்பில் கை எழுந்து விரலைச் சுழற்றியது.

பொம்மை மனிதன் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறான். அது அவளுக்குத் தெரியும். பெட்டி பெரியது, அதனால் மறைக்கிறது. அண்ணனுக்கு அது தெரியாது. ஃபெயிலான அன்று அவன் பார்த்ததும் இதே கைதான், இதே இடத்தில்.

அண்ணன் லிவரைத் தொடவில்லை.

"தூக்குடா, கை காட்டிட்டான்!"

"டைம் ஓடுது பாரு!"

மூலையில் கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. பாஸ் அவள் காதருகே, "ஏன் தூக்கமாட்டேங்கறார்?" என்றார்.

"கை மட்டும் போதாது, காலைக் காட்டு," அண்ணன் திரையைப் பார்த்துச் சொன்னான். பொம்மையிடம்தான் சொன்னான். வாசலில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவன் இடித்ததும் நிறுத்தினான்.

நேரம் முடிந்தால் நசுங்கினதாகாது, ஆனால் ஃபெயில். அவளுக்கு வாயைத் திறந்து கத்த வேண்டும்போல் இருந்தது. நான் எழுதினது, இந்தத் தடவை சரி, நம்பு. அதைச் சொன்னால் பரீட்சையே செல்லாது. உள்ளங்கையை நகத்தால் கிள்ளிக்கொண்டு நின்றாள்.

அண்ணன் மறுபடி விசிலை மிதித்தான்.

இரண்டாவது விசிலை அவள் யோசித்து எழுதவில்லை. ஆள் என்ற பேஸ் கிளாஸில் ஒரே ஒரு வரிதான்: விசில் கேட்டால் லோடை விட்டு இன்னும் விலகு. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். பெட்டிக்கு மேலே இருந்த கை இறங்கியது. பிறகு பெட்டியின் ஓரத்தில் ஒரு தோள் வந்தது, இடுப்பு வந்தது, பூட்ஸ் இரண்டும் வந்தன. மனிதன் வெட்டவெளியில் தனியாக நின்று, திரும்பி, கையைத் தூக்கினான்.

அண்ணன் லிவரை இழுத்தான். சங்கிலி விறைத்தது, பெட்டி ஆடாமல் எழுந்தது. அடியில் வெறும் தரை. கடிகாரத்தில் சொற்பம் மிச்சம் இருக்கும்போது லாரியின் மேல் பெட்டி உட்கார்ந்தது.

மஞ்சத்தொப்பி எதையோ குறித்தார். "பாஸ். ஆனா நேரத்துக்கு மார்க் ரொம்பக் குறையும். உங்க பேரு கடைசியிலதான் வரும். காலி விழுந்தாத்தான் கேபின்."

"எப்ப விழும் மேடம்?"

"சொல்ல முடியாது. அது வரைக்கும் கீழ சைகை வேலை தர்றேன். மூட்டை வேண்டாம்." வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சைகை மட்டும். இனிமே கொக்கிக்கு வேற ஆள்."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் பக்கம் வந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எலிக்கும் காலைப் பாத்துட்டுத்தான் அளவு சொல்லணும் போல," என்றாள் அவள்.

"போடி," என்றான். "முதல்ல சாப்பிட்டியா? மூஞ்சியைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி."